நூலொன்றை விட்டுச் சென்ற கப்பல்

தொடர்கதை என்று ஒன்று தோன்றிய காலந்தொட்டு, அதனை எழுதுவோருக்கும் கேட்போருக்கும் இடையே ஒரு பிணக்கு இருந்துகொண்டே வருகிறது. கேட்போர் கதை நகரவேண்டும் என்று விரும்புகின்றனர். எழுதுவோரோ, வாரந்தோறும் தவறாது ஓர் அங்கத்தைக் கொடுத்தே தீரவேண்டிய நிர்ப்பந்தத்தினாலும், பணம், காலம், கற்பனை ஆகிய மூன்றும் எல்லா வாரங்களிலும் ஒரே அளவாய்ச் சுரவாமையினாலும், மூலக்கதைக்கு யாதொரு பயனும் செய்யாத, எடுத்துவிட்டாலும் முன்னும் பின்னும் பிசிறின்றிப் பொருந்திக்கொள்ளக்கூடிய, பொழுதுபோக்கு அங்கங்களை இடையிடையே எழுதி நிரப்புகின்றனர். விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களைக் கைப்பேசியில் இரவிரவாய்ப் பார்க்கும் நம் மட்டக்களப்பு இளைஞர், இத்தகைய அங்கங்களை 'ஃபில்லர்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவதைக் காண்கிறேன். அவ்வாறு தாவுவது நட்டம் என்பதும், அவற்றிற் சிலவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு அத்துடன் மறந்துவிடுவதும் நட்டமே என்பதும் என் அபிப்பிராயம்.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஜீன் ரொடன்பெரி என்பவர் உருவாக்கி, 1966 செப்டெம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 79 அங்கங்களாக ஒளிபரப்பாகிய 'ஸ்டார் ட்ரெக்' உலகப் பிரசித்தி பெற்றது. அத்தொடரின் அங்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கதைகளே என்பதனால், அதில் மூலக்கதை எது, நிரப்பு எது என்று பிரிப்பது கடினம் என்று சிலர் வாதிக்கலாம். ஆயினும் யுத்தம், நிறபேதம், மரணம் முதலிய பாரமான விஷயங்களைச் சுமந்த அங்கங்களும், ஒரு வாரத்தை உல்லாசமாகக் கழிப்பதற்கென்றே பிறந்த அங்கங்களும் அதில் உண்டு என்பதை அதனை ரசித்தோர் அனைவரும் அறிவர். இரண்டாம் வகைக்குச் சிறந்த மாதிரியாக நிற்பது, 1968 ஜனவரி 12 அன்று வெளியான 'எ பீஸ் ஒவ் த அக்சன்' என்னும் அங்கம். அதனை எழுதியோர் டேவிட் ஹார்மனும் ஜீன் கூனும்; இவருள் கூன், நகைச்சுவையைக் கதையோடு இழைப்பதில் அத்தொடரின் எழுத்தாளருள் முதன்மையானவர் என்பது என் கணிப்பு.

கதை இதுதான். எண்டர்பிரைஸ் என்னும் விண்கப்பல் ஒரு தூரத்துக் கிரகத்துக்கு வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஹொரைசன் என்னும் மற்றொரு கப்பல் அங்கே இறங்கிச் சென்றது. பின்னர் அழிந்துபோன அக்கப்பல் அனுப்பிய செய்தி, பழைய வானொலி அலையில் ஊர்ந்து ஊர்ந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. பிற கிரகத்தாரின் இயல்பான வளர்ச்சியில் தலையிடலாகாது என்னும் முதற்பெருங் கட்டளை, ஹொரைசன் சென்ற காலத்தில் பிறந்திருக்கவில்லை. ஆகையால் அக்கப்பலின் மாலுமிகள் சில நூல்களை அங்கே விட்டுச் சென்றார்கள். அவற்றுள் ஒன்று, 1920-களில் சிக்காகோ நகரை ஆட்டிப்படைத்த சண்டியர் கூட்டங்களைப் பற்றிய சரித்திரம். அக்கிரகத்து மக்கள் கூரிய புத்தியும் பிறரை அநுகரிக்கும் இயல்பும் உடையோராம். அவர்கள் அந்நூலை வேதமாகக் கொண்டு, அதன்படியே தெருவும், காரும், தொப்பியும், துப்பாக்கியும், பேச்சும் அமைத்துக்கொண்டு, நாட்டைப் பல சண்டியர் தலைவர்களுக்குள் பங்கிட்டு வாழ்கிறார்கள். தலைவன் ஒருவனது அறையில் அந்நூல், கோவிலில் ஏடு வைத்திருப்பதுபோல, ஒரு பீடத்தின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே இறங்கிய கப்டன் கேர்க்கும், உணர்ச்சிவயப்படாத தர்க்கமே உருவான ஸ்பொக்கும், வைத்தியர் மக்கோயும் சிறைப்பட்டு, தப்பி, மீண்டும் சிறைப்பட்டு, ஈற்றில் கேர்க்கும் ஸ்பொக்கும் கோடிட்ட உடையும் தொப்பியும் அணிந்து அவ்வூர்ச் சண்டியராகவே நடித்துக் காரியத்தை முடிக்கிறார்கள்.

இதில் உள்ள ஆனந்தத்தைக் குறைத்துச் சொல்லுதல் தகாது. காவலர்களின் கவனத்தைத் திருப்புவதற்காகக் கேர்க் இல்லாத சீட்டாட்டம் ஒன்றை அந்த இடத்திலேயே கற்பித்து, செவ்வாய்க்கிழமையானால் ஒரு விதி, இரவு வேளையானால் வேறொரு விதி என்று அடுக்கிக்கொண்டே போக, கேட்பவன் ஒவ்வொரு விதியையும் மெய்யென்று நம்பித் தலையாட்டுகின்ற காட்சி, எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது. அண்டத்தையெல்லாம் அளந்து திரியும் கப்டனுக்கு மோட்டார் கார் ஓட்டத் தெரியாமையால் அது பின்னோக்கிப் பாய்வதும், பக்கத்தில் இருக்கும் ஸ்பொக் முகத்தில் ஒரு ரேகையும் மாறாமல் அதனைக் கண்டிப்பதும், பின்னர் அந்த ஸ்பொக்கே தெருச் சண்டியரின் பேச்சைத் தயக்கத்தோடு பேசப் பழகுவதும், மூன்று பாத்திரங்களின் குணவிசேஷங்களை இரண்டு பருவகாலமாய் நன்கு அறிந்துகொண்ட பார்வையாளருக்கென்றே சமைக்கப்பட்டவை. பாரமான அங்கங்களில் வெளிப்படாத மனித இயல்புகள் இத்தகைய உல்லாச அங்கங்களில்தான் வெளிப்படுகின்றன. மூலக்கதை ஓய்ந்திருக்கும் பொழுதில் பாத்திரங்கள் தமக்குள் பழகிக்கொள்கின்றன.

இந்த உண்மையை நமக்கு வெளியார் கற்பிக்க வேண்டியதில்லை. வாவியின் இரு கரையிலும் உள்ள ஊர்களில் கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து விடியும்வரை இருந்தோருக்கு, கதை நகராத பொழுதின் அருமை தெரியும். ஓர் அரசன் களரிக்கு வருவதற்கு முன்னே கட்டியகாரன் வந்து கூறும் கட்டியமும், பறையறைவோனின் வேடிக்கைப் பேச்சும், நீண்ட கொலுவரவும், அண்ணாவியார் மத்தளத்தில் தாளக்கட்டை மாற்றமாற்றக் கூத்தர் ஆடிக் காட்டும் ஆட்ட வரிசைகளும் கதையை ஓர் அடிகூட முன்னே கொண்டுசெல்வதில்லை. ஆனால் அவை இல்லாமற்போனால் கர்ணன் வீழும்போது விழும் கண்ணீருக்கு ஆதாரம் இராது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில், இரவிரவாய் ஆடப்பட்ட கூத்தை 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்னும் ஆக்கங்களாய்ச் சுருக்கி ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கியது, அக்கலையை நகரத்து மேடைக்கும் கற்றோர் மதிப்புக்கும் உரியதாக்கிய மகத்தான பணி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'இராவணேசன்' நாடகத்தில் நம்மவரான சி. மௌனகுரு ஆடிய இராவணன் அதற்குச் சாட்சி. ஆயினும் வித்தியானந்தனுக்குப் பின் வந்தோருட் பலர் அவருடைய ஆய்வையும் ரசனையையும் விட்டுவிட்டு, சுருக்கம் என்ற ஒன்றை மாத்திரம் சுதந்தரித்துக்கொண்டமையால், பாடசாலைப் போட்டி மேடைகளில் இன்று போர் மட்டும் ஆடப்படுகிறது. போருக்கு வந்தவர்கள் யார் என்று காணப் பொழுது கொடுக்கப்படுவதில்லை. ஆகவே, மூலக்கதையைத் தள்ளி வைத்து உல்லாசமாய்ச் சென்ற குற்றத்துக்காக அந்த அமெரிக்க அங்கத்தை நான் குறைகூற மாட்டேன்.

அது மலிவாகத் தயாரிக்கப்பட்டது என்பதும் குற்றமாகாது. ஒரு பருவத்துக்கு 26 அங்கங்கள் எடுக்கவேண்டிய நெருக்கடியில், புதிய கிரகம் ஒன்றை வாரந்தோறும் மரத்தாலும் சாயத்தாலும் சமைப்பது இயலாத காரியம். படப்பிடிப்பு நிலையத்தில் முன்பே நின்ற நகரத் தெருக்களையும், பழைய சண்டியர் படங்களுக்கென்று தைத்து வைத்த உடைகளையும், பழைய கார்களையும் உபயோகித்துக்கொள்ளத்தக்க கதைகள் தேவைப்பட்டன. ஆகையினாலேதான், பூமியை ஒத்த கிரகங்கள் அண்டத்தில் பல உண்டு என்னும் கோட்பாட்டை ரொடன்பெரி ஆரம்பத்திலேயே வகுத்துக்கொண்டார். அதே பருவத்தில் ரோமாபுரியை ஒத்த ஒரு கிரகமும், நாசி ஜெர்மனியை ஒத்த ஒரு கிரகமும் தோன்றின. வறுமை கலைக்கு விரோதி அன்று. கரப்புடுப்புக்குத் துணியும் கிரீடத்துக்குக் கண்ணாடித் துண்டும் அயலாரிடம் இரவல் வாங்கிக் களரியேறிய ஊர்கள் நம்முடையவை.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கிரகத்து மக்கள் அனைவரும் ஒரே நூலைக் கண்டமாத்திரத்தில், தமக்கென்று பாட்டோ, தெய்வமோ, குடிவழியோ, விதைப்புக் காலமோ, இறந்தோரை வழியனுப்பும் முறையோ எதுவும் இல்லாத வெற்று ஏடாகக் கிடந்து, அந்நூலைத் தம்மேல் எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டார்கள் என்று அக்கதை கூறுகிறது. ஹொரைசன் வந்தபோது அவர்கள் கைத்தொழில் யுகத்தின் வாசலில் நின்றவர்கள் என்று கதையே சொல்கிறது. அப்படியாயின் அதற்கு முன் அவர்களுக்கு ஒரு சரித்திரம் இருந்திருக்க வேண்டும். வானொலிப் பெட்டி செய்யும் முறையைக் கூறும் நூல்களும் கூடவே விடப்பட்டன என்றும் கதை சொல்கிறது; அவற்றை உபயோகத்துக்கும் சண்டியர் நூலை வழிபாட்டுக்கும் தெரிந்தெடுத்தது எந்தத் தேவையினால், யாருடைய அதிகாரத்தினால் என்ற வினாவை அது எழுப்புவதே இல்லை. அநுகரிக்கும் இயல்பினர் என்ற ஒரே சொல்லால் அத்தனையும் தீர்க்கப்படுகிறது. கப்பலில் வந்தவர்கள் சிந்திப்பவர்கள், கரையில் நின்றவர்கள் பார்த்துச் செய்பவர்கள் என்னும் இந்தப் பிரிவினை, நகைச்சுவைக்குள் ஒளிந்திருப்பதனால் கண்ணிற் படாது போகிறது. ஆனால் அது பழைய பிரிவினை, கடலோரத்தில் வாழும் எங்களைப் போன்றோரைப் பற்றி நெடுங்காலமாய்ச் சொல்லப்பட்டுவந்த ஒன்று.

கப்பலில் வந்த நூல்களைப் பற்றிப் பேசுவதற்கு இந்த வாவிக்கரையாருக்கு விசேஷ உரிமை உண்டு என்று கருதுகிறேன். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628-இல் கோட்டை கட்டினர். பத்து ஆண்டுகளில் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1814-இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் வேதாகமத்தோடு வந்திறங்கி, பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே இந்த மண்ணில் மரித்தார். அவர்களுக்கெல்லாம் முன்னே, வேறு கப்பல்களில் வேறு கதைகள் வந்திறங்கின. அவற்றுள் கண்ணகியின் கதையை ஒருவர் சற்று நின்று ஆராய்வாராயின், ஒரு ஜனசமூகம் ஒரு கதையை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது என்பது விளங்கும்.

கஜபாகு மன்னன் கொண்டுவந்தான் என்று ஐதிகம் கூறும் அப்பத்தினியின் வழிபாடு, நம் பிரதேசத்துக் கண்ணகை அம்மன் கோவில்களில் ஆண்டுதோறும் வைகாசியில் நடைபெறுகிறது. அங்கே படிக்கப்படுவது இளங்கோவின் காவியம் அன்று. 'கண்ணகி வழக்குரை' என்னும் நம் நாட்டு ஏடு. அவ்வேட்டில், காவியத்தில் இல்லாத ஒரு நீண்ட கிளைக்கதை உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய நாகமணியைத் தேடி மீகாமன் என்பவன் மரக்கலம் செலுத்தி ஈழத்துக் கடலுக்கு வருகிறான். வெடியரசன் என்னும் கடற்தலைவன் அவனை வழிமறித்துப் போர் புரிகிறான். மதுரையில் நிகழப்போகும் அநீதிக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் யாதும் இல்லை. நம் இளைஞரின் சொல்லிற் சொன்னால் இது சுத்தமான 'ஃபில்லர்'. ஆயினும் இந்தக் கிளைக்கதையின் வழியாகவே, சோழநாட்டு வணிகர் குலத்து மருமகளின் காற்சிலம்புக்குள் நம் கடல் வந்து சேர்ந்தது; அச்சிலம்பு உடையும்போது சிதறுவது எங்கள் கடலிலிருந்து சென்ற மணி என்னும் உரிமை கேட்போருக்குப் பிறந்தது. எழுதியவர் கதையை நிரப்பவில்லை. கதைக்குள் தம் ஊரைக் குடியேற்றினார்.

அதனினும் ஆழமானது குளிர்த்திச் சடங்கு. மதுரையை எரித்த பின் கண்ணகியின் கோபம் எங்கே போயிற்று என்பதுபற்றி மூலநூல் தன் வழியில் ஒரு முடிவைக் கூறி, அவளை மலைநாட்டுக்கும் பின்னர் விண்ணுலகுக்கும் அனுப்பிவிடுகிறது. வாவிக்கரை மக்கள் அத்தோடு திருப்தியடையவில்லை. எரித்தவளின் உள்ளம் இன்னும் எரிந்துகொண்டுதானே இருக்கும், வெயில் கொளுத்தும் இம்மாதத்தில் அம்மை நோயாய் அவ்வெப்பம் எங்கள் பிள்ளைகளின்மேல் இறங்குமே என்று அஞ்சி, இரங்கி, அவளைக் குளிர்விப்பதற்கென்று ஒரு சடங்கையும் அதற்கென்று பாடல்களையும் அமைத்துக்கொண்டார்கள். எரிந்த நகரத்தோடு நிற்காமல் எரித்தவளின் துன்பத்தையும் ஆற்றவேண்டும் என்று நினைத்த இந்த இதயத்தை எந்த நூலும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாய்ப் பிரிந்து கொம்பு இழுத்து விளையாடும் கொம்புமுறியும் அப்படிப்பட்டதே. கண்ணகிக்கும் அவள் கணவனுக்கும் நேர்ந்த பிணக்கை ஊரே பங்கிட்டுக்கொண்டு ஆடித் தீர்க்கும் அவ்விளையாட்டை, பீடத்தின்மேல் வைத்த நூலைப் பார்த்துப் படியெடுத்தவர்கள் கற்பித்திருக்க இயலாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலில் பாரதம் பதினெட்டு நாள் சடங்காகி, பாண்டவரின் வனவாசம் ஊர்த் தெருக்களில் நடந்து, ஈற்றில் தீமிதிப்பாய் நிறைவுறுவதையும் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். கதை வந்தது மெய். ஆனால் கோவிலில் இன்னின்ன நாள் திருவிழா இன்னின்ன குடிக்கு உரியது என்று முன்பே வகுத்து வாழ்ந்த ஒரு சமூகத்துக்குள் அது வந்தது. வந்த கதைக்கு இடம் கொடுத்தவர்களும், அதனிடம் வேலை வாங்கியவர்களும் அவர்களே.

ஆங்கில நூல்களின் காலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. காரைதீவில் 1892-இல் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பாதிரிமாரின் பள்ளிக்கூடங்களில் பயின்ற விபுலாநந்த அடிகளின் கையில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் கிடைத்தன. அடிகள் செய்தது என்ன? 1926-இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில், சிலப்பதிகாரத்தாலும் அதன் உரையாலும் அறியக் கிடைக்கும் பழந்தமிழ் நாடக இலக்கணத்தை முன்னே நிறுத்தி, அதன் உறுப்புகளுக்கு எடுத்துக்காட்டாக ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை ஆராய்ந்து, வடமொழித் தசரூபகத்தையும் கூட்டி, மூன்று மரபுகளையும் ஒரே அவையில் சமானமாக அமர்த்தினார். ஆங்கிலேயன் தன் மகாகவியை நமக்கு வழிபாட்டுப் பொருளாய்க் கொடுத்தான். அடிகள் அவரை ஒரு சிறந்த சகபாடியாய் ஏற்றுக்கொண்டார். அந்தக் கற்பனைக் கிரகத்தில் ஒரேயொரு விபுலாநந்தர்கூடப் பிறந்திருக்கமாட்டாரா என்று நான் கேட்கிறேன். நூறு ஆண்டுகள் சிறிய காலம் அன்று.

கப்பல் விட்டுச் சென்றவை நூல்கள் மாத்திரமும் அல்ல. மட்டக்களப்பு நகரத்தில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர், தம் முன்னோரின் ஆட்சி முடிந்து மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அம்மொழியின் ஒரு வடிவத்தை வீட்டுக்குள்ளே காத்துவந்தனர். அவர்கள் கலியாண வீட்டில் வயலினோடு எழும் கஃப்றிஞ்ஞாப் பாட்டைக் கேட்டோர், லிஸ்பன் நகரத்தின் நகலைக் கேட்டதாக எண்ணமாட்டார்கள். அது இந்த ஊர்ப் பாட்டு.

அமெரிக்க அங்கத்தின் முடிவு, அதன் நடுவிலும் பலவீனமானது. கேர்க், தன் கப்பலின் ஆயுதத்தால் ஒரு தெருவில் நின்றோர் அனைவரையும் ஒரே நொடியில் மயங்கி விழச் செய்து தன் வல்லமையைக் காட்டி, பிணங்கி நின்ற தலைவர்களைப் பயமுறுத்தி ஒன்றாக்கி, ஒருவனைத் தலைவனாகவும் மற்றொருவனை உபதலைவனாகவும் நியமித்து, ஆண்டுதோறும் 40 சதவீதம் தன் கூட்டாட்சிக்குத் திறையாகச் செலுத்தவேண்டும் என்று விதிக்கிறான். அப்பணம் அக்கிரகத்தாரின் நன்மைக்கே செலவிடப்படும் என்று பின்னர் சமாதானம் சொல்லப்படுகிறது. இதனை ஒரு வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார்கள். நானும் முதலிற் சிரித்தேன். ஆனால் திறை வாங்குபவனே திறை கொடுப்பவனின் நன்மையையும் நிச்சயிப்பான் என்னும் ஏற்பாட்டின்கீழ் நெல்லும் உப்பும் அளந்து கொடுத்தோரின் சந்ததியினர் அந்தக் காட்சியைக் கடந்து செல்லும்போது சற்றே நிதானித்தல் வேண்டும். தலையிடாமைக் கட்டளையை உயிரினும் மேலாய்ப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் தொடரில், அக்கட்டளை நகைச்சுவைக்காக ஒரு வாரம் ஒத்திவைக்கப்படுகிறது; ஒத்திவைத்த செய்தியை எந்தப் பாத்திரமும் பின்னர் நினைவுகூர்வதில்லை.

இந்த மறதியே நிரப்பு அங்கங்களுக்கு உரிய மெய்யான நோய் என்று கருதுகிறேன். ஈற்றுக் காட்சியில், வைத்தியர் மக்கோய் தம் தொடர்புக் கருவியைச் சண்டியர் தலைவனின் அலுவலகத்தில் தவறவிட்டுவிட்டதாகச் சொல்கிறார். அதனைக் கழற்றிப் பார்த்தால், கப்பலின் முக்கியக் கருவிகள் யாவற்றுக்கும் ஆதாரமான தத்துவத்தை அக்கிரகத்தார் அறிந்துகொள்வார்கள். ஒருநாள் அவர்கள் நம்மிடமே பங்கு கேட்டு வரக்கூடும் என்று கேர்க் சொல்ல, அங்கம் முடிகிறது. அடுத்த வாரம் வேறு கிரகம், வேறு கதை. அந்தக் கருவி என்னவாயிற்று என்று அத்தொடர் ஒருபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. 1996-இல் ஸ்டார் ட்ரெக்கின் முப்பதாவது ஆண்டு நிறைவையொட்டி, 'டீப் ஸ்பேஸ் நைன்' என்னும் பிற்காலத் தொடரின் எழுத்தாளர்கள், அதே கிரகத்துக்குத் திரும்பிச் சென்று அம்மக்கள் இப்போது விண்கப்பல் மாலுமிகளை அநுகரித்து வாழ்வதாகக் காட்டலாமா என்று யோசித்து, பின்னர் அதனைக் கைவிட்டு 'டிரிபிள்' என்னும் மயிரடர்ந்த சிறு பிராணிகளின் கதையை நாடினர். கைவிட்டது நன்றே, ஏனெனில் அந்த யோசனையிலும் அம்மக்கள் பார்த்துச் செய்பவர்களாகவே இருந்தனர்.

டிரிபிள்களின் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற்போவது நியாயம் அன்று. டேவிட் ஜெரோல்ட் எழுதிய அவ்வங்கமும் உல்லாசத்துக்கென்றே பிறந்தது. சண்டியர் கதைக்கு இரண்டு வாரங்களுக்கு முன், 1967 டிசம்பர் 29-இல் வெளியானது. கட்டுக்கடங்காமல் பெருகும் அப்பிராணிகள் கப்பலையும் களஞ்சியத்தையும் நிரப்பிச் சிரிப்பூட்டுகின்றன; ஆனால் களஞ்சியத் தானியத்தைத் தின்ற அவை இறந்து கிடப்பதைக் கண்டே, தானியத்தில் நஞ்சு கலக்கப்பட்டது கண்டறியப்படுகிறது. எது நம்மைச் சிரிக்க வைத்ததோ அதுவே கதையின் முடிச்சையும் அவிழ்க்கிறது. உல்லாச அங்கம் தன் விதியைத் தான் மறவாதிருக்க இயலும் என்பதற்கு இது போதிய அத்தாட்சி.

சண்டியர் அங்கத்திலும் அத்தகைய ஒரு வாசல் திறந்திருந்தது. கேர்க்கும் தோழரும் தெருவில் நடத்திச் செல்லப்படும்போது, இரண்டு பெண்கள் தலைவனின் ஆட்களை வழிமறித்து, தெருவிளக்குகள் பழுதாய்க் கிடக்கின்றன, இரவில் பெண்கள் நடமாட முடியவில்லை, சலவைக்கு எடுத்துச் செல்லும் வண்டி மூன்று வாரமாய் வரவில்லை, நாங்கள் செலுத்தவேண்டிய பங்கைச் செலுத்தியிருக்கிறோம் அல்லவா என்று முறையிடுகின்றனர். நடத்திச் செல்பவன் தலைவனுக்குக் கடிதம் எழுதும்படி சொல்லிவிட்டு நகர்கிறான். சில வினாடிகளில் அக்காட்சி முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்த அங்கம் முழுவதிலும் இதனைவிட உயிருள்ள பகுதி வேறில்லை. நூலில் சண்டியர் வரி வாங்கினார்கள் என்று மாத்திரம் இருந்திருக்கும். வரி வாங்குபவன் விளக்கேற்றவேண்டும், வண்டி அனுப்பவேண்டும் என்ற நியாயத்தை அந்தப் பெண்கள் எங்கிருந்து பெற்றார்கள்? நூலைத் திருத்தி, சண்டியரைப் பிரதேச சபையாக மாற்றும் முயற்சி அந்தத் தெருவில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கேர்க் அவர்களிடம் நின்று பேசியிருந்தால் கூட்டாட்சியின் திறை தேவைப்பட்டிராது. எழுதியவர்களின் பேனா அறியாமலே அந்த உண்மையைத் தொட்டுவிட்டு, அடுத்த துப்பாக்கிச் சத்தத்துக்கு விரைந்துவிட்டது.

இவ்வளவையும் சொல்வதன் கருத்து, நம் பிள்ளைகள் அவ்வங்கத்தைப் பார்க்கலாகாது என்பதன்று. பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், பின்னர் தமக்குள் விவாதிக்க வேண்டும். அதற்கு மேலும் ஒன்று செய்யவேண்டும் என்பதே என் வேண்டுகோள். விஞ்ஞானப் புனைகதை இந்தத் தீவுக்கு அந்நியமானதன்று, ஆதர் சி. கிளார்க் 1956 முதல் இங்கேயே வாழ்ந்து, திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோவிலின் சிதைவுகளைக் கண்டவர். தமிழுக்கும் அது அந்நியமானதன்று. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல்களைப் படிக்கிறது, படித்ததைப் பார்த்துச் செய்யாமல் தானே சிந்திக்கத் தொடங்குகிறது, தன்னைச் செய்தவர்களின் ஆணைக்கும் அப்பாற் செல்கிறது. ஒரு நாய்க்கு நம் எழுத்தாளர் கொடுத்த சுதந்தரத்தை ஒரு கிரகத்து மக்களுக்கு அமெரிக்க எழுத்தாளர் கொடுக்கவில்லை.

ஆகையால், கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகம் பயில்வோரிடமும், குறும்படம் எடுக்கும் இளைஞரிடமும் இதனை ஒரு பணியாகவே முன்வைக்கிறேன். கப்பலில் இருந்து அல்ல, கரையில் இருந்து அந்தக் கதை எழுதப்படட்டும். நூல் வந்திறங்கிய நாளில் அவ்வூரில் என்ன சடங்கு நடந்துகொண்டிருந்தது, நூலை முதலில் வாசித்தவர் யார், அதில் எந்தப் பக்கத்தைக் கிழித்தார்கள், எதைப் பாட்டாக்கினார்கள், விட்டுச் சென்ற தொடர்புக் கருவியைக் கழற்றியவர் அதனைக் கொண்டு யாரை அழைத்தார் என்பவையெல்லாம் அதில் வரவேண்டும். விளக்குக் கேட்ட அந்த இரு பெண்களுக்கும் அமெரிக்கர் பெயர் கூறவில்லை. அவர்களுக்குப் பெயரும், களரியில் முதல் வரவும் கொடுக்கவேண்டும். வடமோடியா தென்மோடியா என்று கேட்பாருளராயின், போரும் அழிவுமாய் முடியும் வடமோடி இக்கதைக்குப் பொருந்தாது, நீண்ட பாட்டும் நுணுக்கமான ஆட்டமும் உடைய தென்மோடியிலேயே இதனைக் கட்டவேண்டும் என்று சொல்வேன். மத்தளத்துக்கு நம் அண்ணாவிமார் இருக்கிறார்கள், ஏடு எழுதுவோர்தான் வரவேண்டும்.